இரண்டு சென்டிமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் நம் நீச்சல் அணி என்ன செய்திருக்கிறது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதக்கக் கணக்கை மட்டும் சொல்வதென்றால் அரை நிமிடம் போதும்.

1951இல் டெல்லியில் நடந்த முதல் போட்டியில் சச்சின் நாக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். அதன்பின் 2023 ஹாங்சோ வரைக்கும் நீச்சலில் நமக்கு இன்னொரு தங்கம் இல்லை. 1986 சியோலில் கஜான் சிங்குக்கு வெள்ளி. அப்புறம் 24 வருஷம் ஒன்றுமில்லை. 2010 குவாங்சோவில் வீர்தவல் காடே, 2014 இஞ்சியோனில் சந்தீப் செஜ்வால், ஆளுக்கொரு வெண்கலம்.

ஆனால் என் மனசில் நிற்பது இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பந்தயம்.

காடே கோலாப்பூர்க்காரர். 16 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீந்தியவர். ஆசியப் பதக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிராவில் தாசில்தார் ஆகிவிட்டார். பட்டா, சிட்டா என்று உட்கார்ந்த மனிதர் திரும்பவும் குளத்தில் இறங்கி, 2018இல் ஜகார்த்தா போனார். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். காலையில் தகுதிச் சுற்றில் 22.43 வினாடி, தேசிய சாதனை. மாலையில் இறுதிச் சுற்று. மூன்றாவதாக வந்த ஜப்பான்காரர் 22.46. காடே 22.47.

நூற்றில் ஒரு பங்கு வினாடி! அந்த வேகத்தில் அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். காலையில் நீந்தின மாதிரியே மாலையிலும் நீந்தியிருந்தால் வெண்கலம் அவருக்குத்தான். மறுநாள் பதக்கப் பட்டியலில் நீச்சலுக்கு நேரே பூஜ்யம். நான்காம் இடத்துக்கும் நாற்பதாம் இடத்துக்கும் அங்கே ஒரே மதிப்புதான். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

எங்கள் குளத்தில் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குறுக்கே கொடிக்கயிறு கட்டியிருக்கும். அதைத் தாண்டினால் மூச்சு எடுக்கக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது, கையை நீட்டிச் சுவரைக் குத்த வேண்டும் என்பேன். போன வாரம் ஒரு பொடியன் கேட்டான்: "ஒரே ஒரு மூச்சுதானே கோச், அதுக்கு என்ன ஆயிடும்?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு சென்டிமீட்டர் அகட்டிக் காட்டினேன்.