தவிட்டில் இருந்த பதில்

நேயர்களுக்கு வணக்கம். பெரிபெரி என்றொரு நோய். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். முற்றினால் இதயமே செயலிழந்துவிடும். டச்சு ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், சிப்பாய்களும் கைதிகளும் இதற்குப் பலியாகிக்கொண்டிருந்தார்கள். 1886-இல் ஒரு மருத்துவக் குழு அங்கே போனது. காசநோய்க்கும் காலராவுக்கும் கிருமியைக் காட்டி ராபர்ட் காக் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. இதற்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்றே தேடினார்கள்.

குழுவோடு வந்து பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தங்கிவிட்டவர் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான். 1889-இல் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. கிருமி அகப்படவில்லை. சில மாதங்களில் கோழிகள் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்தால், பணியாள் செலவை மிச்சம்பிடிக்க ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றைப் போட்டுவந்திருக்கிறார். புதிதாக வந்த சமையல்காரரோ, ராணுவத்துச் சோறு சிவிலியன் கோழிக்குக் கிடையாது என்று கையை விரித்துவிட்டார். கோழிகள் தவிடு நீக்காத அரிசிக்குத் திரும்பின, தேறின. அந்தக் கறார் மனிதருக்கு மருத்துவம் கடன்பட்டிருக்கிறது!

தீட்டிய அரிசி நோயைத் தருகிறது, தவிடு குணமாக்குகிறது. இதை எய்க்மான் சோதித்தே உறுதிசெய்தார். ஆனால் அவர் சொன்ன காரணம், அரிசி மாவில் ஒரு நஞ்சு, தவிட்டில் அதற்கு முறிவு என்பது. அவருடைய நண்பர் வோர்டர்மான் ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்கு நோய். தவிடு நீக்காத அரிசி போட்ட இடங்களில் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருவர். அப்போதும் நஞ்சுக் கொள்கை அசையவில்லை, ஏனென்றால் இந்தக் கணக்கு அதற்கும் பொருந்தியது.

மலாயாவிலும் இதே கதைதான். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களைப் பெரிபெரி தீண்டவில்லை, வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று இன்று நமக்குத் தெரியும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்ட மருத்துவர் பிராடன்கூட, 1907-இல் எழுதும்போது, பழைய அரிசியில் சேரும் நஞ்சையே குற்றம் சாட்டினார்.

நோய் என்றால் ஏதோ ஒன்று உடலுக்குள் புகுந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தை விடுவதுதான் கடினமாக இருந்தது. எய்க்மானுக்குப் பின் அதே ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901-இல் அதைத் திருப்பிப் போட்டார்: நஞ்சு எதுவும் இல்லை, உணவில் ஏதோ ஒன்று இல்லை. 1926-இல் அந்த ‘ஏதோ ஒன்று’, அதே பட்டேவியாவில், தவிட்டிலிருந்து படிகமாகப் பிரிக்கப்பட்டது. அதுதான் வைட்டமின் பி1. 1929-இல் நோபல் பரிசு எய்க்மானுக்குப் போனது, கிரைன்ஸுக்குப் பங்கில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.