தேசாதிபதி வருகிறார்: அன்றைய மட்டக்களப்பு எப்படித் தயாரானது?

வணக்கம். பிரித்தானியர் காலத்தில் இலங்கையை ஆண்ட தேசாதிபதி, அதாவது ஆளுநர், மட்டக்களப்புக்கு வரப்போகிறார் என்றதும், கோட்டைக்குள் இயங்கிய கச்சேரி என்னும் அரச நிர்வாக அலுவலகத்தில் முதலில் எழுந்த கேள்வி, அவர் எந்த மாதத்தில் வருவார் என்பதே.

(திரையில்: முகத்துவாரத்தின் வரைபடம்)

வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்துகொள்ளும். ஆனால் அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பதால், ஒதுங்கிடமற்ற இக்கரையில் நீராவிக் கப்பல் நங்கூரமிட்டு நிற்பது ஆபத்தானது. கோடையில் கடல் பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடக்கும். அப்போதோ மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டுவிடும். ஆகவே கப்பலை வெளியே நிறுத்தி, விருந்தினரைப் படகில் கரைசேர்த்து, பின்னர் கோட்டை இருக்கும் புளியந்தீவுக்கு அழைத்துவர வேண்டியிருந்தது.

கரையோரமாக வருவதும் எளிதன்று. கல்லடியிலும் ஓட்டமாவடியிலும் நீரைக் கடக்கப் ‘பாதை’ எனப்படும் மிதவையில்தான் ஏற வேண்டும். தோணிகளைப் பிணைத்துப் பலகை பரப்பிய அந்தப் பாதையில், தண்ணீரைக் கண்டு முரண்டு பிடிக்கும் குதிரையை ஏற்றுவதே தனி வேலை.

உதவி அரசாங்க அதிபரின் கட்டளை பகுதித் தலைவரான வன்னியனாருக்கும், அவரிடமிருந்து அவருக்குக் கீழிருந்த உடையார், விதானைமார் என்ற ஊர் அதிகாரிகளுக்கும் இறங்கும். பயணிகள் தங்கும் வாடிவீடு வெள்ளையடிக்கப்படும், வாழையும் கமுகும் நட்டுப் பந்தல் எழும், நிறைகுடம் வைத்துப் பெண்கள் குரவையிடுவார்கள். பந்தலுக்குக் கமுகு வெட்டிச் சுமந்தவர்கள் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஊரார் எதிர்பார்த்த பயன் வரவேற்புப் பத்திரத்தில் இருந்தது. அது புகழுரையில் தொடங்கினாலும், குளம், வாய்க்கால், பாலம் என்ற கோரிக்கைகளுக்கே வந்து சேரும். கச்சேரியின் படிகளில் பல காலம் காத்துக் கிடந்த விடயங்களை, முடிவெடுக்கும் அதிகாரம் கொண்டவரின் காதிலேயே நேரடியாகப் போட அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைப்பது அரிது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் கிழக்குக்கு வந்து குளங்களை நேரில் பார்த்தவர். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் அவர் காலத்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தும் பணியும் அப்போதுதான் தொடங்கியது.

கல்லடிக்குப் பாலம் வர 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதைய தேசாதிபதி சேர் வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரால் அது ‘லேடி மானிங் பாலம்’ எனப்பட்டது. 1928 இல் ரயிலும் வந்து சேர்ந்தபின், கச்சேரியார் முகத்துவாரத்து மணலைப் பார்த்து நாள் குறிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.