அம்புக்குக் கண் இருந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஹிரோஷிமா, நாகசாகிப் பழி ஆணையிட்டவர்களுக்கு மட்டுமா, குண்டு வீசிய விமானக் குழுவினருக்கும் அதில் பங்கு உண்டா? இதுதான் இன்றைய வழக்கு. பங்கு உண்டு என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், பழமொழிக்காக. வழக்குக்கு அது பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிடுவோம்.

ஆணையையே எடுத்துக்கொள்கிறேன். 1945 ஜூலை 25 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் ஜெனரல் ஹேண்டி கையெழுத்திட்டு, பசிபிக் பகுதிக் குண்டுவீச்சு விமானப்படையின் தலைவர் ஜெனரல் ஸ்பாட்ஸுக்குக் கொடுத்தது. ஆகஸ்ட் 3 வாக்கில் தொடங்கி, கண்ணால் பார்த்து வீசுவதற்கு வானிலை இடம் கொடுத்ததும், ஹிரோஷிமா, கோகுரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நான்கு ஜப்பானிய நகரங்களில் ஒன்றின் மேல் வீச வேண்டும் என்கிறது அது. கண்ணால் பார்த்து! எந்த வில்லாளி ஐயா தன் அம்பிடம் "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்பினான்?

ஆகஸ்ட் 6 காலை ஹிரோஷிமாவுக்குக் குண்டு சுமந்த எனோலா கே விமானத்தில் அந்தக் கண், குறிபார்த்துக் குண்டை வீசும் தாமஸ் ஃபெரிபியுடையது. சுமார் 31,000 அடி உயரத்திலிருந்து குறிபார்க்கும் கருவி வழியாக அயோய் பாலத்தைத் தேடிப் பிடித்தார். மணி 8:15. பாலத்தைத் தப்பி, ஷிமா மருத்துவமனைக்கு மேலே வெடித்தது குண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர்.

"பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?" என்றும் அம்மையார் கேட்டார். பாதி நியாயம்தான். அணுகுண்டு என்ற சொல்லையே பலர் விமானம் கிளம்பிய பிறகுதான் கேட்டார்கள். ஹிரோஷிமாவுக்கு அந்தச் சலுகையைக் கொடுத்துவிடுகிறேன். நாகசாகிக்கு? பாக்ஸ்கார் விமானத்தை ஓட்டிய சார்லஸ் ஸ்வீனி, மூன்று நாள் முன்புதான் இன்னொரு விமானத்தில் கூடவே பறந்து ஹிரோஷிமாவைப் பார்த்துவிட்டு வந்தவர். ஜேக்கப் பீசர் குண்டு சுமந்த இரண்டு விமானங்களிலும் போனவர். தெரியாமல் போனார்கள் என்று இவர்களுக்காக யாரும் சொல்ல முடியாது.

நாகசாகிக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. முதல் இலக்கு கோகுரா. மூன்று முறை சுற்றியும் கீழே குறி தெரியவில்லை. ஒரு பம்ப் வேலை செய்யாததால் கூடுதல் தொட்டியில் இருந்த எரிபொருளைத் தொட முடியவில்லை. நாகசாகிக்குப் போனால் அங்கேயும் மேகம். கண்ணால் பார்க்காமல் வீசக் கூடாது என்பது கட்டளை. குண்டுக்குப் பொறுப்பாக வந்த ஆஷ்வொர்த்தும் ஸ்வீனியும் என்ன முடிவு செய்தார்கள்? ரேடாரைப் பார்த்தே வீசிவிடலாம் என்று! கடைசி நேரத்தில் மேகத்தில் ஒரு இடைவெளி தெரிகிறது என்று குறிபார்த்துக் குண்டை வீச வேண்டிய பீஹன் கூவியதால் அது தேவைப்படவில்லை. குண்டு உராகாமி பள்ளத்தாக்கில் விழுந்தது. அந்த நெருக்கடியில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட குண்டைச் சுமந்துகொண்டு எரிபொருள் தீர்ந்து தரையிறங்க எனக்கும் தைரியம் வராது. ஆனால் அந்த முடிவு வாஷிங்டனில் எடுத்ததில்லை. கட்டளையை மீறக்கூடத் துணிந்த அம்பை நான் எந்தப் பழமொழியிலும் பார்த்ததில்லை, நடுவர் அவர்களே.

இரண்டு குண்டுகளுக்கும் நடுவில் இருந்த தேதியையும் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 8. அன்றுதான் லண்டனில் அமெரிக்கா உட்பட நான்கு நாடுகள், நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பர்க் விசாரணைக்கான சாசனத்தில் கையெழுத்திட்டன. மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. வேண்டுமானால் தண்டனையைக் குறைக்கலாம் என்கிறது அதன் எட்டாவது பிரிவு. ஜெர்மானியனுக்கு எடுத்த அளவுகோலை அமெரிக்கனுக்கும் எடுங்கள் என்றுதான் கேட்கிறேன். குறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. கழற்றிவிட முடியாது.

"இவர்கள் போகாவிட்டால் வேறு யாராவது போயிருப்பார்கள்" என்பார்கள். போயிருப்பார்கள். அப்போது அந்த வேறு யாரையாவது பற்றி இங்கே பேசிக்கொண்டிருப்போம். "போரை முடித்தது குண்டுதானே" என்பது வேறொரு பட்டிமன்றம். அதில் நான் எந்த அணி என்று எனக்கே இன்னும் தெளிவில்லை.

எனோலா கே தலைவர் பால் டிபெட்ஸ் கடைசிவரை வருந்தவில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கித் திட்டமிட்டு முடித்ததில் பெருமை என்றே சொன்னார். விமானத்துக்கு அம்மா பெயரை எழுதியவர் அவர். தரையில் இறங்கியதும் ஸ்பாட்ஸ் வந்து பதக்கம் குத்தினார். பதக்கம் குத்த அம்புக்கு நெஞ்சு இருந்தது. பழி என்றதும் மட்டும் அது வெறும் மரக்குச்சியா?

அதே விமானத்தில் துணை விமானி ராபர்ட் லூயிஸ். பறந்துகொண்டே குறிப்பு எழுதிவந்தவர். கீழே நகரம் மறைந்ததைப் பார்த்த பிறகு அவர் எழுதிய வரி: "கடவுளே, நாங்கள் என்ன செய்துவிட்டோம்." அதிபர் ட்ரூமன் என்ன செய்துவிட்டார் என்று எழுதவில்லை. ஸ்பாட்ஸ் என்ன செய்துவிட்டார் என்றும் எழுதவில்லை.

மணி அடித்துவிட்டார் நடுவர். வணக்கம்.