கையில் லீலி, தோளில் நோயாளி

இல்லப் பொறுப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் போட்டிகளுக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கும் அணிகளான இல்லங்களில் ஒன்றுக்கு 'ஞானப்பிரகாசியார் இல்லம்' என்று பலகை இருக்கும். அந்தப் புனிதர் யாரென்று கேட்டால், "லீலிப் பூ வச்சிருப்பாரே!" என்று பிள்ளைகள் சொல்வார்கள். தவறு பிள்ளைகளுடையதல்ல, சுரூபத்தில் (சிலையில்) முதலில் கண்ணில் படுவது அதுதான். காலடியில் கிடக்கும் கிரீடத்தை யாரும் கவனிப்பதில்லை. கதை அங்கேதான் தொடங்குகிறது.

லூயிஜி கொன்சாகா என்பது அவருடைய இயற்பெயர்; அலோசியஸ் என்பது அதன் லத்தீன் வடிவம். 1568 மார்ச் 9 அன்று வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் ஆளும் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். ஆட்சி உரிமையைத் தம்பி ருடோல்ஃபோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 1585 நவம்பரில் ரோமில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் நவதுறவியர் (புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுவோர்) இல்லத்தில் சேர்ந்தார். அந்தக் கிரீடத்தின் பொருள் இதுதான்.

1591இல் ரோமில் கொள்ளைநோய் பரவியது. தெருவில் கிடந்தவர்களை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர்களில் இவரும் ஒருவர். நாற்றம் அவருக்குக் குமட்டும், இருந்தும் போனார். சபைத் தலைவர்கள் தடுத்தார்கள். வற்புறுத்திக் கேட்டதால், தொற்று நோயாளிகளைச் சேர்க்காத கன்சலாசியோனே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் தூக்கிப் பராமரித்த ஒருவருக்கே தொற்று இருந்தது. மார்ச் 3 அன்று படுத்தவர், ஜூன் 21 அன்று 23 வயதில் இறந்தார். 1726இல் புனிதர் பட்டம். 1729இல் மாணவர்களின் பாதுகாவலர்.

இனி இல்லச் சின்னத்துக்கு வருவோம். அவர் படங்களில் வரும் லீலி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), செபமாலை, மண்டையோடு என எல்லாவற்றையும் ஒரு பேட்ஜில் அடைக்காதீர்கள். இரண்டு அங்குலத்துக்குள் லீலி முள்கரண்டி போலாகிவிடும், மண்டையோடு கடற்கொள்ளையர் கொடி போலத் தெரியும். கவிழ்ந்த கிரீடமும் ஒரு லீலியும் போதும். இரண்டிலும் தடித்த கோடுகளே இருக்கட்டும்; மெல்லிய கோடு தையலில் நிற்காது.

இல்லத்தின் நிறம்? மறைசாட்சிக்கு (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவருக்கு) சிவப்பு, மற்றப் புனிதர்களுக்கு வெள்ளை என்பது வழிபாட்டு மரபு. தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தருக்குச் சிவப்பு பொருந்தும். இவர் கொள்ளைநோயில் இறந்தவர் என்பதால் வெள்ளைதான். ஆனால் வெள்ளைச் சட்டை விளையாட்டுத் திடலில் சீருடையோடு கலந்துவிடும், தூரத்திலிருந்து அணி தெரியாது. வழிபாட்டில் வெள்ளைக்குப் பதில் பொன்னிறமும் அனுமதிக்கப்படுவதால் மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய சிக்கல் இல்லங்களுக்குக் கொடுக்கும் புள்ளிகளில்தான். ஓட்டத்துக்கும் பேச்சுக்கும் புள்ளி உண்டு. வாந்தி எடுத்த பிள்ளையை நோயறைக்கு அழைத்துப் போனவனுக்கு இல்லை. அதற்குத் தனி ஆளுக்குப் புள்ளி கொடுத்தாலும் கெடும்: ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் உதவி நடக்கும். ஆகவே முறைப்பட்டியல் போடுங்கள். வாரத்துக்கு இருவர், நோயறைக்குத் துணை போவது, வராதவருக்குக் குறிப்பேடு எழுதித் தருவது அவர்கள் வேலை. வாரம் முழுதும் நடந்தால் இல்லத்துக்கு மொத்தமாக ஒரே புள்ளி. தொற்று நோயாளியின் அருகே மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். தியாகம் என்று பெயர் வைத்து அதை நியாயப்படுத்தக் கூடாது.

திருவிழா ஜூன் 21. நவநாள் (ஒன்பது நாள் செபம்) 12ஆம் தேதி தொடங்கி 20இல் முடிய வேண்டும். ஜூனில் திறக்கும் பள்ளியில் அதற்குள் இல்லப் பிரிப்பு முடியாவிட்டால், புதுப் பிள்ளைகள் யாருடைய நவநாளில் நிற்கிறோம் என்றே தெரியாமல் நிற்பார்கள். பிரிப்பை முதல் வாரத்திலேயே முடியுங்கள். உடன்பிறந்தோரை ஒரே இல்லத்தில் போட்டால் பாதி வேலை குறையும்.