2012 ஹோண்டா சிட்டி வாங்கலாமா? முதலில் சேசிஸ் நம்பர், அப்புறம் விலை

அடுத்த கேள்வி, நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நேயர். “2012 மாடல் ஹோண்டா சிட்டி, பெட்ரோல், மேனுவல் கியர். 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விலை படிகிற மாதிரி இருக்கிறது. இந்த மாடலில் என்னென்ன கோளாறு வரும்? ரீகால் ஆன வண்டி என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

ரீகாலை, அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வதை, முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாடலுக்கு ரீகால் வந்தது ஏர்பேக்குக்காக. கோளாறுகளைப் பணம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். இது உயிர் சம்பந்தப்பட்டது.

ஏர்பேக்கை ஊதவைக்க இன்ஃப்ளேட்டர் என்று ஒரு சின்ன உலோகக் குடுவை உள்ளே இருக்கும். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த குடுவைகளில் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகளைப் போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி எப்படி நசநசத்துப்போகும்? அதே போல இதுவும் ஈரம் இழுக்கும். பகலில் வெயில், ராத்திரியில் குளிர்ச்சி என்று வருடக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் வில்லை நொறுங்கிப் பொடியாகிவிடும். விறகுக் கட்டை நின்று எரியும், அதையே தூளாக்கித் தூவினால் குப்பென்று பற்றும் இல்லையா? அதுதான் இங்கேயும். பொடி ஒரே நொடியில் எரிந்து, அழுத்தம் தாங்காமல் குடுவை வெடித்து, இரும்புத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும்.

2014-இல் மலேசியாவின் சரவாக் மாநிலம், சிபு ஊரில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அவர் ஓட்டியது 2003 மாடல் ஹோண்டா சிட்டி. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுதான். வயிற்றில் இருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் இந்தக் குடுவைகளால் 25 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பல கார் கம்பெனிகள் இதே குடுவையை வாங்கிப் போட்டிருந்தன. டகாட்டா 2017-இல் திவாலானது. நீங்கள் இருப்பது கடற்கரை ஊர் என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த இடத்தில்தான் இந்தக் குடுவைகள் சீக்கிரம் கெடுகின்றன.

இந்தியாவில் ஹோண்டா இதற்காகப் பல தடவை வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2017 ஜனவரியில் அழைத்த 41,580 வண்டிகள் 2012-இல் தயாரானவை, சிட்டியும் அதில் உண்டு. அதாவது நீங்கள் பார்க்கிற வருட மாடலேதான். அதற்காக எல்லா 2012 சிட்டியும் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரை ஹோண்டா கார்ஸ் இந்தியா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது ஹோண்டா சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். குடுவையை இலவசமாக மாற்றித் தருவார்கள். நீங்கள் மூன்றாவது ஓனர் என்றாலும் காசு கிடையாது. கை மாறிய வண்டிகளில்தான் இது விட்டுப்போகிறது. கம்பெனி அனுப்பிய கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும், அவர் வண்டியை விற்றிருப்பார்.

இன்னொன்று. 2021 ஏப்ரலில் வந்த கட்டாய ரீகால் விதி, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். உங்கள் வண்டி அதற்குள் வராது. அதனால் யாராவது வந்து சொல்வார்கள் என்று இருக்காமல் நீங்களே போய்க் கேட்க வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், மீட்டரில் எஸ்.ஆர்.எஸ். விளக்கை, அதாவது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். ஒரு நண்பருக்காக வேறொரு பழைய கார் பார்க்கப் போயிருந்தேன், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அதில் எஸ்.ஆர்.எஸ். விளக்கு தானாக அணையவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஆயில் விளக்கு அணைந்த அதே கணத்தில்தான் அணைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அப்படியே. மீட்டரைக் கழற்றினால், அந்த வயரை ஆயில் விளக்கு வயரோடு முறுக்கி டேப் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஏர்பேக்கே இல்லை. நண்பர் அந்த வண்டியில் இரண்டு குழந்தைகளை ஏற்ற இருந்தார்.

சரி, கோளாறுகளுக்கு வருவோம். இன்ஜின் நல்ல இன்ஜின், டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் 90,000 ஒரு பெரிய ஓட்டமே இல்லை. 2008, 2009-இல் வந்த சில சிட்டிகளுக்கு இன்ஜினுக்குள் ஒரு ஸ்பிரிங்குக்காக 2011-இல் ரீகால் வந்தது. பவர் விண்டோ சுவிட்சில் தண்ணீர் இறங்கித் தீப்பிடிக்கும் என்று சொல்வது இதற்கு முந்தைய மாடல் சிட்டி. இரண்டும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

உங்களுக்குச் செலவு வைக்கப்போவது அடிப்பாகம். இந்த வண்டியின் தரை இடைவெளி குறைவு, நம் ஊர் வேகத்தடைகளில் இடித்திருக்கலாம். லிஃப்டில் ஏற்றி, அடியில் துரு, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பர்), இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) மூன்றையும் பாருங்கள். கரடான ரோட்டில் மெதுவாக ஓட்டினால் ஸ்டீயரிங்கில் கடகடவென்று வருகிறதா என்றும் கவனியுங்கள். ஏ.சி.யை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். குளிர்ச்சி குறைந்தால் கேஸ் கசியலாம், கூலிங் காயில் மாற்ற வேண்டியிருந்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சேசிஸ் நம்பர் ரீகால் பட்டியலில் இருக்கிறது, ஆனால் மாற்றுப் பாகம் வர நாளாகும் என்று சொன்னால், எந்தப் பக்கத்து ஏர்பேக் என்று கேளுங்கள். இடது பக்கம் என்றால் மாற்றும்வரை அந்த முன்சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஓட்டுநர் பக்கம் என்றால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், சர்வீஸ் சென்டருக்குக்கூட ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.