பிரேமை ஏன் காப்பாத்தேல்லை?

(கிளிநொச்சியில ஒரு வாசிகசாலை மண்டபத்தில பிபிசியின்ர 'டொக்டர் ஹூ' தொடரில 'டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்' எண்ட எபிசோட்டைப் போட்டு முடிய நான் கதைச்சது. ஃபோனில ரெக்கோட் பண்ணினதைக் கேட்டு எழுதினது, விளங்காத இடங்களை நானே நிரப்பியிருக்கிறன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால நிக்கிற பெடியள் முன்னுக்கு வாங்கோ, கதிரை கிடக்கு.

படம் முடிஞ்ச கையோட முன்வரிசையில இருந்து ஒரு அம்மா கேட்டவா, "உந்த டொக்டர்ப் பிள்ளை காலம் கடந்து போற பெட்டி வச்சிருக்கிறா தானே, சாகப்போற அந்தப் பிரேம் எண்ட பெடியனையும் ஏத்திக்கொண்டு போறதுக்கு என்ன?" எண்டு. நான் சிரிச்சிட்டன். ஏனெண்டா 2018 நவம்பர் 11ம் தேதி இந்த எபிசோட் பிபிசியில போக, இங்கிலாந்தில கனபேர் கோவப்பட்டதும் இதே கேள்வியிலதான். டொக்டர் ஒண்டுமே செய்யேல்லை, வந்தா, பாத்தா, போயிட்டா, இதுக்கு ஏன் ஒரு டொக்டர் எண்டு.

முதல்ல இந்தத் தொடரைத் தெரியாத ஆக்களுக்குக் கெதியாச் சொல்லிவிடுறன். 'டொக்டர் ஹூ' தொடங்கினது 1963 நவம்பர் 23, கென்னடியைச் சுட்டதுக்கு அடுத்த நாள், சனம் முழுக்க அந்தச் செய்தியிலயே நிண்டபடியா முதல் எபிசோட்டை அடுத்த கிழமை திருப்பிப் போட்டுத்தான் ரெண்டாவதைக் காட்டினவை. டொக்டர் எண்டிறது மனிச ஆள் இல்லை, ரெண்டு இதயம், சாகப்போற நேரம் உடம்பு மாறி வேற முகத்தோட எழும்பி வரும், அதாலதான் 1966ல முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் விலகேக்க தொடரை மூடாமல் பற்றிக் ட்ரவுட்டனைப் போட்டு இழுத்துக்கொண்டு போனவை. ஒரு நீலப் பொலிஸ் பெட்டிதான் வாகனம், வெளியில பாத்தா ஒரு ஆள் நிக்கிற அளவு, உள்ளுக்குப் போனா மாளிகை. இண்டைக்கு நீங்கள் பாத்த ஜோடி விட்டேக்கர்தான் முதல் பொம்பிளை டொக்டர், அதுக்கே அங்க ஒரு பெரிய சண்டை நடந்தது, அதை விடுவம்.

1989ல நிப்பாட்டி 2005லதான் தொடரைத் திரும்பத் தொடங்கினவை. அந்த இடைவெளியில எங்கட நிலமை உங்களில வயசான ஆக்களுக்குத் தெரியும். எங்களுக்கு பிபிசி எண்டா தமிழோசை, ராத்திரி ஒம்பதேகாலுக்கு சைக்கிளைக் கவிட்டு வச்சு ஒராள் பெடலைக் கையால சுத்த டைனமோவில ரேடியோ பாடும், சுத்திற ஆள் களைச்சா செய்தி வாசிக்கிறவரின்ர குரலும் அப்பிடியே மங்கிப்போகும், உடன எல்லாரும் அவனைப் பேச அவன் திரும்பவும் விசுக்கிச் சுத்துவான். எங்களுக்குக் கரண்டும் இல்லை, அவையளுக்கு டொக்டரும் இல்லை.

சரி, இண்டையான் கதைக்கு வருவம். 'டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்', எழுதினது வினய் பட்டேல். டொக்டரோட பயணம் போற, இங்கிலாந்தில ஷெஃபீல்டில இருக்கிற யாஸ் எண்ட பெட்டைக்கு அவளின்ர அம்மம்மா உம்ப்ரீன் ஒரு உடைஞ்ச மணிக்கூட்டைக் குடுக்கிறா, அதை ஒருநாளும் திருத்தக்கூடாது எண்டுறா, ஏனெண்டு சொல்லுறா இல்லை. யாஸ் டொக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி 1947 ஆகஸ்ட் பஞ்சாப்புக்குப் போய்ப் பாத்தா, அங்க அம்மம்மா குமர்ப்பிள்ளை, நாளைக்குக் கலியாணம், ஆனா மாப்பிள்ளை யாஸுக்குத் தெரிஞ்ச தாத்தா இல்லை. உம்ப்ரீன் முஸ்லிம், மாப்பிள்ளை பிரேம் எண்ட இந்துப் பெடியன், ரெண்டாம் உலக யுத்தத்தில சண்டை பிடிச்சுத் திரும்பினவன். ராட்கிளிஃப் எண்ட வெள்ளைக்காரர், அதுக்கு முதல் இந்தியாவுக்கே வராத ஆள், ஒரு அஞ்சு கிழமைக்குள்ள கீறிக் குடுத்த இந்திய பாகிஸ்தான் எல்லைக்கோடு இவையளின்ர காணிக்குள்ளால போகுது. அந்தக் கோட்டில கயிறு கட்டிக் கயித்தடியிலயே கலியாணத்தை முடிக்கினம். கடைசியில பிரேமைக் கொல்ல ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறது கூடப்பிறந்த தம்பி மனிஷ். பிரேம் செத்தாத்தான் உம்ப்ரீன் வேறொரு ஆளைக் கட்டுவா, அப்பத்தான் யாஸ் பிறப்பாள். பிரேமைக் காப்பாத்தினா பக்கத்தில நிக்கிற யாஸ் இல்லாமல் போயிடுவாள். அதால டொக்டர் திரும்பி நடக்கிறா, முதுகுக்குப் பின்னால வெடிச்சத்தம் கேக்குது.

இதுக்குத்தான் அங்க அடிபாடு. ஒரு பகுதி ஆக்கள் அழுது முடிஞ்சு எழுதிச்சினம், குறிப்பா இந்திய பாகிஸ்தான் வழி வந்த பிள்ளையள், எங்கட வீட்டுக் கதை ஞாயித்துக்கிழமை பின்னேரம் டிவியில வருமெண்டு கனவிலயும் நினைக்கேல்லை எண்டு. பிரிவினை எண்டு ஒண்டு நடந்ததைப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் படிப்பிக்கேல்லை எண்டு சொன்ன வெள்ளைக்காரப் பிள்ளையளும் இருந்தவை. மற்றப் பகுதி, இது சயன்ஸ் ஃபிக்‌ஷனோ சரித்திர பாடமோ, அரசியலை ஏன் பிள்ளையளின்ர நாடகத்துக்குள்ள கொண்டு வாறியள் எண்டு. நான் சரித்திரம் படிப்பிக்கிற ஆள், உந்தக் கதையைக் கேட்டா எனக்கு உச்சியில ஏறும். இந்தத் தொடரின்ர முதல் எபிசோட்டிலயே டொக்டரோட பெட்டிக்குள்ள ஏறின ரெண்டு பேரும் வாத்திமார்: இயன் விஞ்ஞான வாத்தியார், பார்பரா சரித்திர ரீச்சர்! ஒரு கதை விண்வெளி எண்டா அடுத்த கதை சரித்திரம் எண்டுதான் தொடங்கினவை, மார்க்கோ போலோ, அஸ்டெக் எண்டு 1964லயே வந்தது. பூச்சிக்கண் பூதங்கள் வேண்டாம் எண்டுதான் தொடரை உருவாக்கின சிட்னி நியூமன் சட்டம் போட்டவர், பிறகு டாலெக் எண்ட இரும்புக்கூட்டுப் பூதங்கள் வந்து, பிள்ளையளுக்கு அதில பைத்தியம் பிடிச்சு, சட்டம் பறந்தது வேற கதை. முதல் கதையை இயக்கின வாரிஸ் ஹுசைனும் லக்னோவில பிறந்தவர், அப்ப அவருக்கு 24 வயசு. அப்ப இந்த நாடகத்துக்குள்ள இந்தியா எங்கயிருந்து வந்தது எண்டு கேக்கிறவை முதல்நாள் டைட்டிலை ஒருக்கா வாசிக்கோணும்.

இன்னொரு குறை சொன்னவை, அதில கொஞ்சம் நியாயம் இருக்கு. அந்த வேற்றுக்கிரக ஆக்கள், திஜேரியன், அவையளைக் கதையில இருந்து தூக்கி எறிஞ்சாலும் நடக்கிறது அப்பிடியேதான் நடக்கும், பிரேம் சாவான், உம்ப்ரீன் ஓடுவா, பிறகென்னத்துக்கு உந்த முகமூடியள் எண்டு. எனக்கும் அந்த முகமூடி பிடிக்கேல்லை, மெய்யாத்தான். பாதிக் கதைக்கு அவையைக் கொலைகாரர் மாதிரிக் காட்டி எங்களை ஏமாத்தினதும் கொஞ்சம் மலிவான வேலைதான். ஆனா அவை யார் எண்டு தெரியவாற அந்த இடத்தில மண்டபத்தைப் பாத்தனான், ஒரு கதிரை அசையேல்லை.

அவை ஒரு காலத்தில கொலையைத் தொழிலாச் செய்த இனம். ஒருநாள் வீட்டை திரும்பிப் போனா அவையின்ர உலகமே அழிஞ்சு சாம்பலாக் கிடக்கு. செத்த சனத்துக்குப் பக்கத்தில நிக்கவோ பேர் சொல்லி அழவோ ஆளில்லை. அதுக்குப் பிறகு அவை செய்யிற ஒரே வேலை, காலம் முழுக்க அலைஞ்சு, ஆரும் இல்லாமல், ஆருக்கும் தெரியாமல் சாகப்போற ஆக்களுக்குப் பக்கத்தில போய் நிக்கிறது. அவையால தடுக்கேலாது. நிக்கினம், பாக்கினம், நினைவில வச்சிருக்கினம், அவ்வளவுதான்.

இதைப் பாத்திட்டு "ஒண்டும் நடக்கேல்லை" எண்டு சொல்ல ஷெஃபீல்டில இருக்கிற ஒருத்தரால ஏலும். அவையைக் குறை சொல்லேல்லை, அவைக்கு அது கதை. இஞ்ச கந்தசாமி கோயிலுக்கு முன்னால 2017 பெப்ரவரி 20ல இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தை வச்சுக்கொண்டு அம்மாமார் இருந்ததை பஸ்ஸில போய்வாற நேரமெல்லாம் பாத்த சனம் நாங்கள். மே 18க்கு முள்ளிவாய்க்காலில போய் நிக்கிற ஆக்கள் ஆரையும் திருப்பிக் கொண்டு வரப் போறேல்லை. ஆனா போகாமல் இருக்கேலாது. திஜேரியன் என்ன செய்யினம் எண்டு எங்களுக்கு வாத்தியார் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அம்மா, உங்கட கேள்விக்கு இப்ப வாறன். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பாத்திருப்பியள் தானே? கோவலனை வெட்டக் கொண்டு போகேக்க முன்னுக்கிருந்து அழுற எந்தக் கிழவியாவது மேடையில ஏறி, அது பாண்டிமாதேவியின்ர சிலம்பு இல்லை, விடுங்கோடா அவனை எண்டு தடுத்திருக்கிறாவோ? முடிவு எல்லாருக்கும் தெரியும், போன வருசமும் வெட்டினவை, இந்த வருசமும் வெட்டப் போகினம், எண்டாலும் பாயைக் கொண்டு போய் விடியவிடிய இருந்து பாக்கிறம். பிரேமின்ர கதையும் எனக்கு அப்பிடித்தான் படுது. காலப்பெட்டி கையில இருந்தும் மாத்தேலாது எண்டிறதுதான் அந்தக் கதையின்ர பாரமே, அதை எடுத்திட்டா ஒரு ரெஸ்கியூ படம் மிஞ்சும், அப்பிடி ஆயிரம் கிடக்கு. ஒண்டை மட்டும் ரசிகர்மாரின்ர பக்கம் நிண்டு ஒத்துக்கொள்ளுறன்: அதே சீசனில, அமெரிக்காவில பஸ்ஸில வெள்ளைக்காரருக்குச் சீட் விடமாட்டன் எண்டு இருந்த கறுப்பினப் பொம்பிளை ரோசா பார்க்ஸைப் பற்றின எபிசோட்டிலயும் டொக்டரும் கூட்டாளியளும் பஸ்ஸுக்குள்ள இருந்து அநியாயத்தைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருக்கத்தான் வேண்டியிருந்தது, சரித்திரம் பிசகக்கூடாதாம். ஒருக்காச் செய்தா பாரமா இருக்கும், திரும்பத் திரும்பச் செய்தா டொக்டருக்கு அது பழகிப்போச்சோ எண்டு பிள்ளையள் கேக்கத்தான் செய்யுங்கள்.

ரசிகர்மாரை வெறும் குறைசொல்லிகள் எண்டு நினைச்சிடாதேங்கோ. இந்தத் தொடரின்ர 1960களில வந்த பழைய எபிசோட் கனக்க பிபிசியிட்டயே இல்லை, டேப்பை அழிச்சுப்போட்டினம், இடமில்லை, திருப்பிப் போடுற யோசனையும் இல்லை எண்டு. ஆனா அழிஞ்ச அத்தனை எபிசோட்டின்ர சத்தமும் இண்டைக்கும் இருக்கு. ஏனெண்டா அந்த நேரம் வீட்டில இருந்த பெடியள் டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால மைக்கை வச்சு, அம்மா அப்பாவைக் கதைக்க விடாமல், எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். 2013ல நைஜீரியாவில ஒரு ஸ்டேஷனில ஒம்பது எபிசோட் தூசியோட கிடந்து எடுத்தவை, அண்டைக்கு அங்க ரசிகர்மாருக்குத் தீபாவளி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒரு குடும்பப் படம்கூட மிச்சமில்லாத வீடுகள் இந்த மண்டபத்துக்குள்ளயே எத்தினை இருக்கெண்டு எனக்குத் தெரியும், அதாலதான் அந்தப் பெடியளில எனக்கு இவ்வளவு விருப்பம்.

கடைசிக் காட்சியைப் பற்றி ஒருத்தரும் பெரிசாக் கதைக்கேல்லை, அங்கயும் சரி, இப்ப இஞ்சயும் சரி. யாஸ் திரும்பி வந்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில இருக்கிறாள். மணிக்கூட்டின்ர கதையைச் சொல்லட்டோ எண்டு கிழவி தானாக் கேக்கிறா. இன்னொருநாள் சொல்லுங்கோ எண்டுறாள் யாஸ். அவளுக்குத் தெரியும், கிழவிக்கு இவளுக்குத் தெரியும் எண்டு தெரியாது. எங்கட வீடுகளில இது தலைகீழ். லண்டனில இருக்கிற என்ர அக்காவின்ர மகள் இந்த எபிசோட்டைப் பாத்த கையோட அம்மம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தவள், அம்மம்மா நீங்கள் அந்தத் தகரப் பெட்டிக்குள்ள என்ன வச்சிருக்கிறியள், 2009ல நீங்கள் என்னென்ன பாத்தனீங்கள், சொல்லுங்கோ எண்டு கேட்டுத் தொல்லை. மனிசி ஃபோனைக் காதில வச்சுக்கொண்டு, வீடியோ கோலையும் காதிலதான் வைப்பா, "அதை விடு பிள்ளை, நீ சாப்பிட்டியே?" எண்டா. பிள்ளைக்கு அந்தப் பக்கம் காது மட்டும் தெரிஞ்சிருக்கும். ஒரு மாசம் கழிச்சு அவள் திரும்பவும் எடுத்தவள், இந்தமுறை பெட்டியைப் பற்றிக் கேக்கேல்லை, அம்மம்மாவின்ர கலியாணம் எங்க நடந்தது, ஆர் சமைச்சது எண்டு கேட்டவள். அதுக்கு ஒரு மணித்தியாலம் கதை போச்சுது, நடுவில மனிசி தானாவே பெட்டியைத் திறக்கப் போனவா. என்ன இருந்தது எண்டு நான் இஞ்ச சொல்லமாட்டன், அது அவையின்ர விசயம்.

மனிஷைப் பற்றி நான் கனக்கக் கதைக்கேல்லை, அது வேணுமெண்டுதான். கூடப்பிறந்தவனுக்கு எதிராத் துவக்குத் தூக்கின தம்பியைப் பற்றி வன்னியில நிண்டு ஒராள் தனியக் கதைக்கக்கூடாது, நாலுபேர் இருந்து கதைக்கோணும், ஒத்துவராட்டிலும் பரவாயில்லை. மண்டபத் திறப்பை ஏழு மணிக்குக் குடுக்கோணும், இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. பிளேன்டீ வருது. ஆர் முதல்ல கதைக்கப் போறியள்?