நிலாவைக் காதால் பார்த்தவள்

நடுவர் அவர்களே, யங்கோன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். கவிதையை வளர்ப்பது கண்ணா, காதா? காதே என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார்: "அக்கா, காதை வைத்துக்கொண்டு நிலாவைப் பார்ப்பீர்களா?" நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, பதில் இந்த ஊர் மொழியிலேயே இருக்கிறது.

எங்கள் அப்பத்தா கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய புதிது. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாவைக் காப்பி குடிக்கக் கூப்பிட வேண்டும். 'லா' என்றால் வா. அப்பத்தா அவசரத்தில் வெடுக்கென்று "ல!" என்றாள். அந்தம்மா வானத்தைப் பார்த்தார். மறுபடியும் "ல! ல!" அந்தம்மா மறுபடியும் வானத்தைப் பார்த்தார். பட்டப்பகல்! வெட்டிச் சொன்னால் என்ன அர்த்தம்? சொல்லுங்கள்... ஆமாம், நிலா! சரி, நீட்டிப் பார்ப்போம் என்று குரலை உயர்த்தி "லாஆ" என்றாள். இப்போது அந்தம்மா தெருவைப் பார்த்தார். எதற்கு? கோவேறு கழுதை எங்கே என்று!

தம்பி, உதட்டைப் பாருங்கள். ல, லா, லாஆ. மூன்றுக்கும் ஒரே அசைவுதான். உங்கள் கண் எதைக் கண்டது? நிலாவையும் கழுதையையும் பிரித்துக் கொடுத்தது காது!

"கண்ணொடு கண்இணை" என்று 1100-ஆம் குறளை எடுத்து வீசினீர்கள். வாய்ச்சொல் பயனில்லை என்று அதில் சொன்ன வள்ளுவரும் கண்ணுக்குக் கண் மோனை கட்டி, காதில்தானே போட்டார்? அதனால்தான் தாளைப் பார்க்காமல் ஒப்பித்தீர்கள். பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியார் கவி பாடவில்லையா?

அப்பத்தாவுக்குக் கடைசியில் கண் போய்விட்டது. நான் வளர்ந்த தெருவில் பலகையெல்லாம் பர்மிய எழுத்து. தமிழை நான் பார்த்து வளரவில்லை, அவள் தாலாட்டில் கேட்டு வளர்ந்தேன். ஒரு தடின்ஜுட் பௌர்ணமி, பர்மாவின் விளக்குத் திருவிழா. வீதியெல்லாம் விளக்கு. என் மகளை மடியில் போட்டுக்கொண்டு, நிலா எந்தப் பக்கம் என்று தெரியாமல், சுவரைப் பார்த்து நிலாவைக் கூப்பிட்டுப் பாடினாள். முதலில் தமிழில். பிறகு பர்மியத்தில், "ல... லா." இந்த முறை ஓசை துளியும் பிசகவில்லை. பிள்ளை கலகலவென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பைக் கேட்டு, "வந்துருச்சாடி?" என்றாள்.

"வந்துருச்சு அப்பத்தா" என்றேன். மேலே பார்க்காமலே சொன்னேன், நடுவர் அவர்களே.